வெயிலில் காயவைத்த பிள்ளை

பிள்ளைகளே, இதை உங்கள் இருவருக்கும் வாயால் சொல்லத்தான் நினைத்திருந்தேன். சொல்லத் தொடங்கினால் மூத்தவள் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கிறாள். சின்னவன் "அப்பா, சுருக்கமாச் சொல்லுங்கோ" என்கிறான். இது சுருக்கிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு வள்ளத்தில் ஏறியவன் நான். எழுத்து எனக்கு இலகுவாக வராது. ஆனாலும் எழுதி வைத்தால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது இருந்து வாசிப்பீர்கள். மூத்தவளே, கடைக்குப் போய் வா என்றதற்கு "வெயிலில போனாக் கறுத்துப் போவன்" என்று நீ முகத்தைச் சுளித்தாய். சின்னவனே, படகில் வரும்போது தொப்பியைப் போடு என்றதற்கு "உது பொம்பிளையளின்ர வேலை" என்று நீ அதை மூலையில் எறிந்தாய். இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது இரண்டு பாய்கள்.

நெடுந்தீவில் எங்கள் வளவின் முற்றத்தில், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், அந்தப் பாய்கள் அருகருகே விரிந்திருக்கும். ஒன்றில் பனாட்டு. பனம்பழத்தைப் பிசைந்து எடுத்த களியை ஓலைப்பாயில் ஊற்றிப் பரவி, காய்ந்ததன் மேல் மறுபடியும் ஊற்றி, நாட்கணக்கில் வெயிலில் விட்டால் தடித்த தோலைப்போல உரித்தெடுக்கலாம். முதல் நாள் மஞ்சளாக இருக்கும். காயக் காயச் செம்மை ஏறி, பிறகு கபிலமாகி, கடைசியில் கறுத்துப்போகும். மற்றப் பாயில் என் அக்கா கிடப்பாள். சிறு காற்சட்டையோடு, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசி, கண்கள் இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டு. காகம் கொத்தாமல் ஐயா, உங்கள் அப்பப்பா, ஒரு தடியோடு பக்கத்தில் குந்தியிருப்பார். அவர் காவல் இருந்தது இரண்டு பாய்களுக்கும்.

அக்கா உங்களுக்கு மாமி. மூத்தவளுக்கு அவளை மங்கலாக ஞாபகம் இருக்கும். சின்னவன் அப்போது தொட்டிலில் கிடந்தான். அவள் வெள்ளையாகப் பிறந்தவள். வெள்ளை என்றால் நாம் கல்யாணப் பேச்சில் சொல்கிற வெள்ளை இல்லை. முடி, புருவம், இமை எல்லாம் வைக்கோல் நிறம். கண்மணி ஓரிடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்க்க ஏலாது. பிறப்பிலேயே தோலுக்கு நிறம் கொடுக்கும் சத்து இல்லாமல் போவதால் இப்படி வருகிறது என்று பின்னாளில் டொக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்த நாளில் ஊருக்குத் தெரிந்தது வேறு. அம்மா வயிற்றில் சுமந்தபோது கண் இமைக்காமல் நிலவைப் பார்த்தாள் என்று ஒருத்தி சொன்னாள். முற்பிறப்புப் பாவம் என்று இன்னொருத்தி. அம்மா அதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. என்னைப் பெற்றபோதே அவள் போய்விட்டாள். பதில் சொல்ல மிஞ்சியவர் ஐயா. அவர் கண்டுபிடித்த பதில்தான் அந்தப் பாய்.

அவருக்கு அது மூடநம்பிக்கை இல்லை, பிள்ளைகளே. கண்ணால் கண்ட நியாயம். கடலுக்குப் போகிறவன் கறுக்கிறான். கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருக்கிறவன் வெளுக்கிறான். பனாட்டு வெயிலில் நிறம் பிடிக்கிறது. அப்படியென்றால் இந்தப் பிள்ளைக்குக் குறைந்தது வெயில்தானே? தாயில்லாத வீட்டில் பனம்பழம் பிசைகிற ஆண் என்று ஊர் ஏற்கெனவே அவரைப் பகிடி பண்ணிக்கொண்டுதான் இருந்தது. அதோடு இதையும் சேர்த்துக்கொண்டார். காலையில் மாட்டை அவிழ்த்துவிட்டு வந்ததும் அக்காவை மடியில் இருத்தி, காது மடலிலிருந்து கால் விரல் இடுக்கு வரைக்கும் எண்ணெய் வைப்பார். வலை இழுத்துத் தடித்துப்போன அந்தக் கைகள் அப்போது எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு தூக்கிக்கொண்டுபோய்ப் பாயில் கிடத்துவார்.

"பார் மோனை, நேற்று இது என்ன நிறம்?"

"மஞ்சள்."

"இண்டைக்கு?"

"கொஞ்சம் சிவப்பு."

"நீயும் அப்பிடித்தான். பொறுத்துக் கிட."

"எப்ப ஐயா கறுப்பன்?"

"ஆடிக்காத்து முடியட்டும். பிறகு உன்னை ஆரும் கண்டுபிடிக்கேலாது."

கல்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாமி இருந்தாள். அவளுக்கு நான்கு பெண்கள். அவள் வாயில் நாள் முழுக்க ஒரே பேச்சு: "உள்ளை வாங்கோடி, கறுத்துத் துலையப் போறியள், ஆரடி உங்களைக் கட்டுவான்?" ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஐயாவிடம் சொன்னாள்: "நல்ல வேலை உம்மடது. நான் கறுக்குதுகள் எண்டு கத்திறன், நீர் கறுக்கேல்லை எண்டு கவலைப்படுறீர். ரெண்டு வீட்டையும் கலந்து பிரிச்செண்டாலும் எடுப்பமே?" ஐயாவும் சிரித்தார். பாயில் கிடந்த அக்காவும் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். ஒரே வெயில். ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் மருந்து, அந்தப் பக்கம் எதிரி. இரண்டு வீட்டிலும் பேச்சு நிறத்தைப் பற்றித்தான். தோல் என்று ஒன்று இருப்பதும் அதற்கு நோகும் என்பதும் யாருடைய யோசனையிலும் இல்லை.

நொந்தது. மத்தியானம் அக்காவைத் தூக்கும்போது அவள் உடம்பு இறால் அவித்த நிறத்தில் இருக்கும். பின்னேரம் கொப்புளிக்கும். தண்ணீர் பட்டால் கத்துவாள். ஐயா விசிறிக்கொண்டு பக்கத்தில் இருப்பார், அவரும் சாப்பிடமாட்டார். சில நாட்களில் முதுகுத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வரும். அதைக் கண்டால் மட்டும் அவர் முகம் வெளிக்கும். "வெள்ளை கழருது" என்பார். இரண்டு மூன்று சோளகம் இப்படிப் போனபின் அவளுடைய தோளிலும் முதுகிலும் கபில நிறத்தில் சிறு சிறு புள்ளிகள் வரத் தொடங்கின. அன்றைக்கு ஐயா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "நிறம் விழத் துவங்கிட்டுது, பாருங்கோ, நிறம் விழத் துவங்கிட்டுது." பார்த்த சனமும் ஓம் என்றது. கோயிலில் அம்மனுக்குப் பொங்கினார். ஊரில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். எல்லோரையும்விட அக்கா நம்பினாள்.

அவள் பெரியபிள்ளையான பிறகு பாய் நின்றது. வெயில் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாமல் அவள் படிப்பை விட்டுவிட்டு, ஐயாவோடு தெற்கு வெளியில் மாடு பார்த்தாள். உங்களுக்குத் தெரியும் அந்த வெளி எப்படியென்று. சுண்ணாம்புக் கல்லும் புல்லும். ஆள் ஒதுங்க ஒரு மரம் இல்லை. தீவில் கட்டாக்காலியாகத் திரிகிற குதிரைகளே நிழல் தேடிக் கல்வேலி ஓரம் நிற்கும். அங்கே அவள் தலையில் துணியைப் போட்டால் ஐயாவுக்குப் பிடிக்காது. "மூடினா எப்பிடிப் பிள்ளை நிறம் பிடிக்கும்?" என்பார், ஏதோ அரைவாசி கட்டிய வீட்டை விட்டுவிட்டுப் போகிறவனிடம் கேட்பதுபோல. அவளும் துணியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வாள்.

ஊர் அவளை வெள்ளைச்சி என்றது. அவள் அதற்கு அழுது நான் கண்டதில்லை, வாய்க்காரி. சண்டை ஓய்ந்து குதிரை பார்க்கச் சனம் வரத் தொடங்கிய காலத்தில், ஒரு கூட்டம் அவளை வெளிநாட்டுக்காரி என்று நினைத்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. எந்த நாடு என்று கேட்கிறார்கள் என்றேன். "நெடுந்தீவு நாடு எண்டு சொல்லு. விசா இல்லாமல் வரப்படாது எண்டும் சொல்லு" என்றாள். வந்தவர்கள் போனபிறகும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். கல்யாணம் பேசி ஒருவரும் வரவில்லை. அதைப் பற்றி மட்டும் அவள் பகிடி விட்டதில்லை.

அவளுடைய இடது காது மடலில் ஒரு புண் வந்தது. மாட்டுக் கயிறு உரஞ்சியது என்று மஞ்சள் பூசினாள். ஆறுவதுபோல் பொருக்கு வரும். பிறகு பொருக்கு விழுந்து இன்னும் கொஞ்சம் அகலும். நான் அப்போது குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் ஓடுகிற படகில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இழுத்துக்கொண்டு போனமாதிரித்தான் அவளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனேன். தோல் டொக்டர் ஒரு பெண். காதைப் பார்த்தார், பிறகு சட்டைக் கழுத்தை விலக்கித் தோளைப் பார்த்தார், பிறகு முதுகை.

"சின்ன வயசில கனக்க வெயிலுக்கை நிண்டனீங்களோ?"

"ஓம் டொக்டர். மாடு மேய்ச்சனாங்கள்."

"சட்டை போடாமலோ மேய்ச்சனீங்கள்? முதுகு முழுக்க எல்லோ இருக்கு."

அக்கா என்னை ஒருக்கால் பார்த்தாள். "நாங்கள் தீவார், டொக்டர். எங்களிட்டை எல்லாம் அப்பிடித்தான்" என்றாள். டொக்டரும் சிரித்துவிட்டார். ஆனால் அதன்பிறகு அவர் சொன்னது எதுவும் சிரிக்கிற விஷயம் இல்லை. ஐயா நிறம் விழுந்தது என்று கொண்டாடிய புள்ளிகள் நிறம் இல்லை. வெயில் எரித்த இடங்கள். காதில் வந்தது கான்சரின் தொடக்கம். அவ்வளவையும் வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் இனி வெயில் படக்கூடாது, நீண்ட கைச்சட்டை, அகலத் தொப்பி, குடை, பூசுகிற கிறீம், மத்தியானத்தில் வெளியே போகவே கூடாது. "இனிப் படுற ஒவ்வொரு வெயிலும் பழைய கணக்கோடதான் சேரும்" என்றார்.

காதின் விளிம்பை வெட்டி, கட்டுப்போட்டு, கூட்டிக்கொண்டு வந்தேன். படகில் அவள் தார்ப்பாய் நிழலில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். அந்தச் சத்தத்தில் வேறு ஒருவருக்கும் கேட்காது என்று தெரிந்துதான் அங்கே இருந்தாள்போலும்.

"ஐயாவுக்குச் சொல்லப்படாது."

"சொன்னாத்தானே உன்னை வெயிலுக்கு இழுக்கமாட்டார்."

"சொன்னா அவர் என்னைப் பாக்கவும் மாட்டார், தம்பி."

நான் வாதாடினேன். உயிர் பெரிதா அவருடைய மனம் பெரிதா என்று கேட்டேன். அவள் கடலைப் பார்க்கமுடியாமல் குனிந்துகொண்டே சொன்னாள்: "அம்மா இல்லாத வீட்டில எனக்கு எண்ணெய் வைச்ச கை அது. அந்தக் கையாலதான் எனக்கு இது வந்தது எண்டு அவரிட்டைப் போய்ச் சொல்லுறதுக்கு எனக்கு வாய் வராது. உனக்கு வருமெண்டால் சொல்லு." எனக்கும் வரவில்லை.

வீட்டில் ஒரு பொய்யைச் சொன்னாள். காதுக்குப் பூசுகிற மருந்தில் வெயில் பட்டால் அது கெட்டுப்போகுமாம், அதனால் மூடிக்கொள்ளச் சொன்னார்களாம். "என்ன மருந்தடி அது? பாலே, வெயில் பட்டுத் திரிய?" என்று ஐயா கேட்டார். ஆனாலும் நம்பினார். காயம் ஆறியபிறகும் அவள் என் பழைய நீண்ட கைச் சேட்டு ஒன்றைத் தன் சட்டைக்கு மேல் போட்டு, துவாய்த் துண்டால் தலையையும் காதையும் சுற்றிக்கொண்டு திரிந்தாள். "இன்னுமே மருந்து?" என்பார். "ஓம் ஐயா, கனகாலம் பூசோணுமாம்." அவருக்கு வயது ஏறிக்கொண்டு போனது, மகளின் நிறம் பாதியில் நின்றுவிட்டது என்ற கவலையும் ஏறிக்கொண்டு போனது. சில காலைகளில் முற்றத்தில் இருந்து கூப்பிடுவார்: "பிள்ளை, இளவெயில்தானே, அந்தக் கையையெண்டாலும் கொஞ்சம் காட்டன்." அவள் குசினியில் அடுப்பை விட்டு எழும்பி வருவாள். சேட்டின் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, அவர் பக்கத்தில் நின்று, மாட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ கதைத்துவிட்டு உள்ளே போவாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் உயிரை எடுத்து அவருக்குக் கொடுக்கிறாள் என்று தோன்றும்.

படகில் நான் பார்க்கிற சனத்தை நீங்களும் ஒருநாள் நின்று பாருங்கள். பெண்பிள்ளைகள் முகத்துக்கு நேரே புத்தகப் பையைப் பிடிப்பார்கள். கை எரிந்தாலும் பரவாயில்லை, முகம் கறுக்கக்கூடாது. ஆண்கள் தலையில் ஒரு லேஞ்சித் துண்டைப் போடவே வெட்கப்படுவார்கள். கண் சிவந்து தலையிடித்தாலும் ஆண்பிள்ளை என்று நிற்பார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிற வெள்ளையர்கள் மேல்தட்டில் ஏறி, சட்டையைக் கழற்றி, நிறம் பிடிக்க வேண்டுமென்று கிடப்பார்கள். அவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு ஐயாவைப் பகிடி பண்ணிய ஊரின்மேல் கோபம் வரும். ஐயா ஒருவர்தான் விசர்வேலை செய்தாரா? எல்லோரும் வெயிலிடம் ஒரு நிறத்தைக் கேட்டுத்தான் போகிறோம்.

பிறகு ஒரு பின்னேரம், தீவின் மேற்குப் பக்கத்தில் இருந்து ஒரு இளம் புருசனும் பெண்சாதியும் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் துணியில் சுற்றிய குழந்தை. எனக்கு அன்று படகு ஓட்டம் இல்லை. முற்றத்தில் கதிரைக்குக் கால் பூட்டிக்கொண்டிருந்தேன். துணியை விலக்கியதும் எனக்குக் கை நின்றுவிட்டது. அக்காவின் அதே வைக்கோல் முடி.

"அப்பு, உங்களிட்டைத்தான் கேக்கச் சொன்னவை" என்றான் அந்தப் பெடியன். "உங்கட மகளுக்கு நிறம் எடுத்தனீங்களாம்."

ஐயாவிடம் யாரும் எதையும் கேட்டுக் கனகாலம். அவர் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். குழந்தையை வாங்கி, அதன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். தேத்தண்ணி வைக்கச் சொல்லிக் குசினிப் பக்கம் குரல் கொடுத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். நல்லெண்ணெய்தான் வேண்டும், தேங்காயெண்ணெய் சரிவராது. முதலில் இளவெயில், பிறகு மெல்ல மெல்ல மத்தியானம். "கத்தும். விடப்படாது. எனக்கும் நெஞ்சு வெடிக்கப் பாத்ததுதான். தோல் உரியேக்கை பயந்திடாதேங்கோ, அது வெள்ளை கழருறது. பிறகு பாருங்கோ நிறம் விழுறதை." அந்த இளம் தாய் ஒரு சொல் விடாமல் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஐயா குசினிப் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இஞ்சை வந்து இவையளுக்கு உன்ர தோளை ஒருக்காக் காட்டு."

அக்கா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. இத்தனை வருடம் பொத்தி வைத்ததை இன்னும் கொஞ்சக்காலம் பொத்தியிருக்கலாம். வந்தவர்கள் போனபிறகு அவர்களுடைய வீட்டுக்குப் போய் இரகசியமாகச் சொல்லலாம். எனக்கு அப்படித்தான் புத்தி ஓடியது. ஆனால் அந்தத் தாயின் முகத்தில் இருந்த நம்பிக்கையை அவளும் பார்த்திருப்பாள். அடுத்த நாள் காலையிலேயே எண்ணெய்ப் போத்தல் திறக்கப்படும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தட்டை நிலத்தில் வைத்தாள். துவாயை அவிழ்த்தாள்.

"தங்கச்சி, பிள்ளையை வெயிலில போடாதேங்கோ."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்றார் ஐயா.

அவள் அவரைப் பார்க்காமல் அந்தப் பெண்ணையே பார்த்துச் சொன்னாள். "இந்தக் காதைப் பாருங்கோ. டொக்டர் வெட்டினவை. தோளில கிடக்கிறது நிறமில்லை, வெயில் எரிச்சது. உங்கட பிள்ளைக்கும் இப்பிடித்தான் வரும். மூடி வையுங்கோ. கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ, அங்கை எல்லாம் சொல்லித் தருவினம்."

"மருந்தெண்டெல்லோ சொன்னாய்" என்றார் ஐயா.

"பொய்தான் சொன்னனான், ஐயா."

ஐயா என்னைப் பார்த்தார். "உனக்கும் தெரியுமோ?" நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். அவர் கையில் குழந்தை இருந்தது. அதைக் கீழே வைத்துவிடுவாரோ, போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது. அவர் மெதுவாகத் துணியின் நுனியைப் பிடித்து, குழந்தையின் காலை மூடினார், கையை மூடினார், நெற்றி வரை இழுத்து மூடினார். அந்தப் பெடியன் சங்கடப்பட்டு எழுந்து நின்றான். ஐயா அவனைக் கையமர்த்தினார்.

"இன்னும் வெயில் தாழேல்லை" என்றார். "இருந்திட்டுப் போங்கோ."

அவர்கள் பொழுது சாயும்வரை இருந்தார்கள். அந்த விஷயத்தைப் பற்றி ஐயா எங்களிடம் சொன்னதும் அவ்வளவுதான். அன்றைக்கும் இல்லை, அக்கா இருந்தவரைக்கும் இல்லை.

அடுத்து வந்த ஒரு நாள், எத்தனையோ வருடமாகத் தீவை விட்டு வெளியே போகாதவர், என் படகில் ஏறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், ஒரு பெரிய கறுப்புக் குடையோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து அக்கா நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போனால் பின்னால் ஐயா. மாட்டைக் கட்டப் போனால் பின்னால் ஐயா. நாற்பது வயதுக்குக் கிட்டிய மகளுக்கு நடக்கவே தள்ளாடுகிற கிழவர் குடை பிடித்துக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்குமா? சந்தியில் இருந்த ஒருவன் கேட்டான்: "என்ன அப்பு, சுவாமி வெளிவீதி வருதோ?" ஐயா நிற்காமலே சொன்னார்: "ஓம், வருது. வழியை விடு." அக்கா குடையைத் தரச் சொல்லிக் கேட்டால், "உனக்கு ரெண்டு கையிலயும் வாளி" என்பார். வாளி இல்லாத நாளிலும் அதையே சொல்வார்.

ஒருமுறை அவளிடம் கேட்டேன், சொன்னது நல்லதாய்ப் போயிற்றா என்று. யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பாக்கமாட்டார் எண்டு நினைச்சன். பாக்கிறார்தான். ஆனால் தோளைப் பாக்கிறேல்லை, தம்பி."

குடைக்குக் கீழே அவள் சில நல்ல வருடங்கள் இருந்தாள். மூத்தவளைத் தூக்கிக்கொண்டு திரிந்தது அப்போதுதான். ஆனால் டொக்டர் சொன்ன பழைய கணக்கு உள்ளே இருந்தது. கழுத்தில் கட்டியாக வந்தது. வெட்டினார்கள், கதிர்வீச்சுப் பிடித்தார்கள், பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கடைசி நாட்களில் அவளுக்கு வெளிச்சமே ஆகவில்லை. யன்னலுக்கு ஐயா தன்னுடைய வேட்டியைக் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். அவள் போன அன்று மத்தியானம் பாடையோடு குடையைப் பிடித்துக்கொண்டு சுடலை வரைக்கும் நடந்தார். வழியில் ஒருவரும் பகிடி பண்ணவில்லை. சந்தியில் இருந்தவன் எழுந்து நின்றான்.

அந்த வெள்ளைக் குழந்தை இப்போது வளர்ந்துவிட்டான். சின்னவனே, உனக்கு அவனைத் தெரியும். நீண்ட கைச்சட்டை, அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, உன் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பில் முன்வாங்கில் இருக்கிறவன். விளையாட்டுப் போட்டியன்று அவனை மட்டும் பந்தலுக்குள் வைத்திருந்தார்கள் என்று நீ வந்து சிரித்தாய். அவனுடைய தோளில் ஒரு புள்ளிகூட இல்லை. அது எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பின்னேரம் ஒருத்தி துவாயை அவிழ்த்ததால் வந்தது. அதற்கு அவள் கொடுத்த விலை என்னவென்று உனக்குத் தெரியவேண்டும். நம்முடைய கறுப்புத் தோலுக்கு வெயில் அவ்வளவாகச் செய்யாது என்று டொக்டர் சொன்னார்; ஒன்றுமே செய்யாது என்று சொல்லவில்லை. ஆகவே மூத்தவளே, குடையைப் பிடி. கறுத்துவிடுவாய் என்பதற்காக இல்லை. கறுப்புக்கு என்ன குறை, அந்தக் கறுப்புக்காக ஒரு வீடு எவ்வளவு ஏங்கியது என்று இப்போது உனக்குத் தெரியும். உடம்பு நோகக்கூடாது என்பதற்காகப் பிடி. சின்னவனே, தொப்பி ஆணுக்கும் பொதுதான்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சொந்தக்காரர் எல்லோரும் போனபின், ஐயா ஒரு பழக்கம் பழகினார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேற்சட்டை இல்லாமல் முற்றத்தில் நிழலே இல்லாத இடத்தில் போய் இருப்பார். உங்கள் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். "உள்ளை வாங்கோ மாமா" என்று கெஞ்சுவாள். "கொஞ்சம் இருக்கிறன், பிள்ளை" என்பார். அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு விளங்கியது. நானும் கூப்பிட்டேன், வரவில்லை. ஒருநாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எவ்வளவு இருந்தும் எனக்கு உரியுதில்லையடா. எனக்கு ஒண்டும் செய்யுதில்லை."

ஒரு பின்னேரம் நான் படகால் வந்தபோது அவர் அங்கேயே, கையைத் தலைக்கு வைத்து, ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிப்போயிருந்தார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. எழுப்பினால் இன்னும் கொஞ்சம் இருக்கிறேன் என்பார். சூரியன் மேற்கே, பனைகளுக்கு மேல் நின்றது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவருடைய மேற்குப் பக்கமாகப் போனேன். கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்து, என் நிழல் அவருடைய தலையிலும் முதுகிலும் சரியாக விழுகிற இடத்தில் நின்றேன். காற்றே இல்லை. சட்டைக்கு மேலாலும் முதுகு எரிந்தது. அவர் திரும்பிப் படுத்தபோது நானும் ஓரடி தள்ளி நின்றேன். பனைகளின் நிழல் நீண்டு வந்து அவரைத் தொட்டதும், சத்தம் போடாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் கண் விழிப்பதற்கு முன்பே குசினிக்குள் போய்விட்டேன்.